தடைக்கு ஒரு தடை: பிளாஸ்டிக் பையும் அமெரிக்க நகரங்களின் அதிகாரமும்

2017 பிப்ரவரி 15 முதல் நியூயார்க் நகரத்துக் கடைகளில், பொருளோடு தரும் ஒவ்வொரு பைக்கும் 5 சென்ட் வாங்க வேண்டும் என்று விதி இருந்தது. முந்தைய ஆண்டு மே மாதம் மாநகர மன்றம் 28-க்கு 20 என்ற வாக்குக் கணக்கில் நிறைவேற்றிய விதி அது. பிப்ரவரி 14 அன்று ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ, மாநிலச் சட்டமன்றம் அனுப்பிய மசோதாவில் கையெழுத்திட்டார். நகரத்தின் விதி நடைமுறைக்கு வருவதற்கு ஒரு நாள் முன்பாகவே செல்லாமல் போனது.

அதே ஆண்டு ஜூன் 1 அன்று மினியாபொலிஸ் நகரத்தின் பை தடை தொடங்குவதாக இருந்தது. மே மாதக் கடைசியில் மின்னசோட்டா மாநிலம் ஒரு பெரிய மசோதாவுக்குள் சில வரிகளைச் சேர்த்து அதை நிறுத்தியது. மிச்சிகனில் ஆன் ஆர்பர் நகரம் அடங்கிய வாஷ்டனா கவுண்டி, ஒரு பைக்கு 10 சென்ட் கட்டணத்தை 2017 ஏப்ரல் 22, புவி நாளன்று தொடங்கத் திட்டமிட்டிருந்தது. 2016 டிசம்பர் இறுதியில் வந்த மாநிலச் சட்டம் மிச்சிகனின் எந்த உள்ளாட்சியும் அப்படி ஒரு கட்டணம் விதிக்க முடியாதபடி செய்துவிட்டது.

அமெரிக்காவில் சுமார் பன்னிரண்டு மாநிலங்கள் பிளாஸ்டிக் பைக்கு மாநிலம் முழுவதும் தடை கொண்டுவந்திருக்கின்றன. உலகச் செய்திகளில் அடிபடுபவை அவைதான். ஏறத்தாழ இருபது மாநிலங்கள் இதற்கு எதிர்த்திசையில் சட்டம் இயற்றியிருப்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. அந்தச் சட்டங்கள் பையைத் தடுப்பதில்லை. பையைத் தடுக்க நினைக்கும் நகரங்களையும் கவுண்டிகளையும் தடுக்கின்றன. மாநிலம் தானும் எதுவும் செய்யாமல் ஊரையும் செய்யவிடாமல் நிற்கும் இந்த ஏற்பாடு எப்படி உருவானது, அதன் விளைவு என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அமெரிக்க அரசியல் சாசனத்தில் நகரம், ஊராட்சி என்ற சொற்களே கிடையாது. ஒன்றிய அரசும் மாநிலங்களும் மட்டுமே அதற்குத் தெரியும். 1868-ல் அயோவா உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி ஜான் டில்லன், நகரங்கள் மாநிலச் சட்டமன்றம் பெற்றெடுத்தவை, அது கொடுத்த அதிகாரம் மட்டுமே அவற்றுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தார். 1907-ல் பிட்ஸ்பர்க் வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் இதே வழியில் போனது. அலகெனி என்ற நகரத்தைப் பக்கத்து பிட்ஸ்பர்க்கோடு இணைத்ததை எதிர்த்து, அலகெனி மக்கள் தொடுத்த வழக்கு அது. ஊரையே இல்லாமல் ஆக்கினாலும் மாநிலத்தைக் கேட்க முடியாது என்று ஆனது. இதற்கு மாற்றாக, 1875-ல் மிசூரியில் தொடங்கி, பல மாநிலங்கள் நகரங்களுக்குத் தன்னாட்சிச் சாசனம் வழங்கின. டெக்சஸில் 5,000 பேருக்கு மேல் வாழும் நகரம் தனக்கெனச் சாசனம் எழுதிக்கொள்ளலாம். ஆனால் மாநிலத்தின் பொதுச் சட்டத்துக்கு முரணான எந்த விதியும் செல்லாது என்று டெக்சஸ் அரசியல் சாசனமே சொல்கிறது. இந்த ஒரு நிபந்தனையில்தான் லரேடோ நகரம் தோற்றது.

லரேடோ, ரியோ கிராண்டே ஆற்றின் கரையில் இருக்கும் எல்லை ஊர். சுமார் இரண்டரை லட்சம் மக்கள். எதிர்க்கரையில் மெக்சிகோவின் நுவெவோ லரேடோ. ஆறுதான் குடிநீர். மழை பெய்தால் தெருக்குப்பை ஓடைகளின் வழியாக அந்த ஆற்றுக்கே போகும், போகும் வழியில் வடிகால்களையும் அடைக்கும். பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு 2014-ல் நகர மன்றம் நிதானமாகவே ஒரு விதியை நிறைவேற்றியது: ஒருமுறை மட்டும் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக், காகிதப் பைகளைக் கடைகள் கல்லாவில் தரக் கூடாது. 2015 ஏப்ரல் 30 அதன் தொடக்க நாள். உள்ளூர் வணிகர் சங்கம் நீதிமன்றம் போனது.

வணிகர்கள் கையில் எடுத்தது 1993-ல் எழுதப்பட்ட ஒரு சட்டப் பிரிவை. டெக்சஸ் திடக்கழிவுச் சட்டத்தில் 361.0961 என்ற எண் கொண்ட அந்தப் பிரிவு, திடக்கழிவு மேலாண்மையின் பொருட்டு ஒரு கலனின் அல்லது பொதியின் விற்பனையையோ பயன்பாட்டையோ, மாநிலச் சட்டம் அனுமதிக்காத வகையில், உள்ளாட்சிகள் தடை செய்யவோ கட்டுப்படுத்தவோ கூடாது என்கிறது. அது எழுதப்பட்ட காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். 1987-ல் நியூயார்க் மாநிலத்தின் இஸ்லிப் ஊர்க் குப்பையை ஏற்றிய மோப்ரோ என்ற படகு, இறக்க இடமில்லாமல் பெலீஸ் கடற்கரை வரை அலைந்து திரும்பி வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சிகள் மாதக் கணக்கில் காட்டிய காட்சி அது. இஸ்லிப் அடங்கிய சஃபோக் கவுண்டி அடுத்த ஆண்டே மளிகைக் கடைப் பிளாஸ்டிக் பைகளுக்கும் உணவு பொதியும் தெர்மாகோலுக்கும் தடை விதித்தது. பிளாஸ்டிக் தொழில்துறை உடனே வழக்குப் போட்டது. கலிபோர்னியாவின் பெர்க்லியும் தெர்மாகோலுக்கு எதிராகக் கிளம்பியது. பொதிகள் மீது ஊர்கள் விதி போடத் தொடங்கிய அந்த ஆண்டுகளை ஒட்டித்தான் டெக்சஸின் பிரிவும் வருகிறது. இருபது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் கிடந்தது.

நீதிமன்றத்தில் வாதம் முழுக்கச் சட்டத்தின் சொற்களைச் சுற்றியே நடந்தது. கல்லாவில் தரும் பை ‘கலன் அல்லது பொதி’ ஆகுமா? அந்தச் சொற்கள் குப்பையாகிவிட்ட பொருளைக் குறிக்கின்றன, புத்தம்புதுப் பையை அல்ல என்றது நகரம். தன் நோக்கம் ஊரின் அழகும் வடிகாலும்தான், திடக்கழிவு மேலாண்மை அல்ல என்றும் சொன்னது. முதல் நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. 2016 ஆகஸ்டில் சான் அன்டோனியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றியது. 2018 ஜூன் 22 அன்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வணிகர்களுக்கே தீர்ப்பளித்தது. தலைமை நீதிபதி நேதன் ஹெக்ட் எழுதிய தீர்ப்பின் சாரம் எளிது: பொருளை உள்ளே வைத்துக் கொண்டுபோகும் பை, சாதாரணப் பேச்சு வழக்கில் கலன்தான். சட்டம் திடக்கழிவு மேலாண்மைக்குத் தரும் விளக்கத்தில் கழிவு உருவாவதைக் கட்டுப்படுத்துவதும் அடங்கும். ஆகவே குப்பையைக் குறைக்கப் பையைத் தடுப்பது, மாநிலம் விலக்கிவைத்த செயல்.

தீர்ப்பைப் படித்தால் நீதிபதிகள் மேல் கோபம் வராது. சட்டத்தின் சொற்களுக்கு அவர்கள் கண்ட பொருள் நேரான பொருள். பை நல்லதா கெட்டதா என்பது தங்கள் முன் உள்ள கேள்வி அல்ல என்றும் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். நீதிபதி ஈவா கஸ்மன் தனியாக எழுதிய இணைத் தீர்ப்பில், கண்டபடி வீசப்படும் பிளாஸ்டிக் சுற்றுச்சூழலுக்கும் பொருளாதாரத்துக்கும் செய்யும் கேட்டை விரிவாகப் பேசி, சட்டமன்றம் நேரடியாகத் தலையிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அந்த வேண்டுகோளைச் சட்டமன்றம் எடுத்துக்கொள்ளவில்லை. மாறாக, தீர்ப்பு வந்த சில நாட்களிலேயே மாநிலத் தலைமை வழக்கறிஞர் கென் பேக்ஸ்டன், இதே போன்ற விதி வைத்திருந்த 11 நகரங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். 2013 முதல் பை தடையை நடத்திவந்த ஆஸ்டின் நகரம் அத்தோடு நிறுத்திக்கொண்டது.

டெக்சஸில் பை தடை பெருநகரத்துச் சூழல் ஆர்வலர்களின் விருப்பம் மட்டும் அல்ல. மேற்கே எண்ணெய் வயல்களுக்கு நடுவே இருக்கும் ஃபோர்ட் ஸ்டாக்டன் என்ற சிற்றூரும் பை தடை கொண்டுவந்திருந்தது. காற்று ஓயாத சமவெளியில் பறந்து வேலியில் சிக்கும் பையை மாடு தின்றால், இரைப்பையில் அடைத்துக்கொள்ளும். பருத்தி வயலில் விழுந்த பையை அறுவடை இயந்திரம் பஞ்சோடு சேர்த்து அள்ளிவிட்டால், விதை நீக்கும் ஆலையில் அது நார்நாராகக் கிழிந்து பொதி முழுவதும் பரவும். நூற்பாலை அந்தப் பஞ்சின் விலையைக் குறைக்கும். மேய்ச்சல்காரருக்கும் பருத்தி விவசாயிக்கும் இது கைக்காசு போகிற விஷயம்.

அரிசோனாவின் வழி இதைவிடக் கடுமையானது. மெக்சிகோ எல்லைக்கு அருகே, பழைய செம்புச் சுரங்க ஊரான பிஸ்பியில் சுமார் ஐந்தாயிரம் பேர் வாழ்கிறார்கள். 2014-ல் அந்த ஊர் பிளாஸ்டிக் பையைத் தடுத்து, காகிதப் பைக்கு 5 சென்ட் வைத்தது. அடுத்த ஆண்டு மாநிலம் அத்தகைய விதிகள் எல்லாவற்றையும் தடை செய்தது. பிஸ்பி தன் சாசனத்தை நம்பித் தன் விதியைக் கைவிடாமல் இருந்தது. 2016-ல் மாநிலம் இன்னொரு சட்டம் கொண்டுவந்தது: ஏதாவது ஓர் ஊரின் விதி மாநிலச் சட்டத்துக்கு முரணானது என்று ஒரே ஒரு சட்டமன்ற உறுப்பினர் புகார் எழுதினால் போதும், தலைமை வழக்கறிஞர் விசாரிக்க வேண்டும், முரண் என்று அவர் கண்டால், 30 நாட்களுக்குள் ஊர் திருந்தாவிட்டால், மாநில வரியில் அந்த ஊருக்கு வரவேண்டிய பங்கு நிறுத்தப்படும். 2017-ல் பிஸ்பி மீது புகார் போனது. அக்டோபரில் தலைமை வழக்கறிஞர் மார்க் பிர்னோவிச் முரண் என்று அறிவித்தார். தீயணைப்புக்கும் காவலுக்கும் சம்பளம் தரும் பணத்தை ஒரு பைக்காகப் பணயம் வைக்க எந்தச் சிற்றூராலும் முடியாது. நவம்பரில் பிஸ்பி தன் விதியை ‘விரும்பினால் பின்பற்றலாம்’ என்று மாற்றிக்கொண்டது. சட்ட முரணை நீதிமன்றம் தீர்ப்பது ஒரு வகை; வாதத்தைக் கேட்கும் முன்பே ஊரின் பிழைப்பில் கைவைப்பது வேறு வகை. இரண்டாவதை நான் நியாயம் என்று ஏற்கவில்லை.

ஃப்ளோரிடாவில் நடந்தது காத்திருக்க வைக்கும் உத்தி. 2008-ல் அம்மாநிலச் சட்டமன்றம், பைகளைக் குறித்து ஆராய்ந்து 2010 பிப்ரவரிக்குள் அறிக்கை தருமாறு சுற்றுச்சூழல் துறைக்குச் சொன்னது. அறிக்கையின் பரிந்துரைகளைச் சட்டமன்றம் ஏற்கும் வரை எந்த உள்ளாட்சியும் பைகள் மீது தடையோ வரியோ விதிக்கக் கூடாது என்றும் அதே பிரிவில் எழுதியது. துறை அறிக்கையைக் கொடுத்துவிட்டது. சட்டமன்றம் அதன் மேல் எந்த முடிவும் எடுக்கவில்லை. தற்காலிகம் என்று வந்த தடை இப்படியே நிரந்தரமாகிவிட்டது. மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த மாநிலம் அது. கடலோர ஊர்களின் வருமானமே கடற்கரைதான்.

2016-ல் ஃப்ளோரிடா தெர்மாகோல் மீதான அதிகாரத்தையும் இதே போல எடுத்துக்கொண்டது. அதில் கவனிக்க வேண்டியது தேதிக் கோடு. மியாமியை ஒட்டிய கோரல் கேபிள்ஸ் நகரம் அந்த ஆண்டு பிப்ரவரியில் தெர்மாகோல் தடை கொண்டுவந்தது. அதற்குப் பிறகு கையெழுத்தான மாநிலச் சட்டம், 2016 ஜனவரி 1-க்கு முன் வந்த விதிகள் மட்டும் செல்லும் என்று முன்தேதியிட்டுக் கோடு கிழித்தது. வழக்கில் நகரம் 2017-ல் முதலில் வென்றது. மாநிலச் சட்டங்கள் தெளிவற்றவை என்றார் நீதிபதி. 2019 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. அதே 2019-ல், உறிஞ்சுகுழல்களை ஊர்கள் தடை செய்வதை ஐந்து ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கும் மசோதாவைக் குடியரசுக் கட்சி ஆளுநர் ரான் டிசான்டிஸ் தன் மறுப்பதிகாரத்தால் திருப்பி அனுப்பினார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். உள்ளாட்சிகள் இதில் முடிவெடுக்க மாநிலம் இடம்தர வேண்டும் என்பதே அவர் நிலை. இதைக் கட்சிச் சண்டையாக மட்டும் பார்ப்பவர்கள் அவரையும், மறுபுறம் ஜனநாயகக் கட்சிக்காரரான குவோமோவையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

இந்தச் சட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று கண்ணில் படும். ‘துணைக் கலன்’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரே தொடர் அரிசோனாவிலும் மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் அயோவாவிலும் வருகிறது. பை, கோப்பை, புட்டி, உணவுப் பெட்டி எல்லாவற்றையும் ஒரே வலையில் அள்ளும் தொடர் அது. அமெரிக்கன் லெஜிஸ்லேட்டிவ் எக்ஸ்சேஞ்ச் கவுன்சில் என்ற அமைப்பு, மாநில உறுப்பினர்களும் நிறுவனப் பிரதிநிதிகளும் கூடி மாதிரி மசோதாக்களை எழுதும் இடம். கலன்களை உள்ளாட்சிகள் கட்டுப்படுத்துவதைத் தடுக்கும் மாதிரி ஒன்றும் அதனிடம் உண்டு. பை உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பும் மாநிலத் தலைநகரங்களில் தொடர்ந்து வேலை செய்தது. ஐம்பது சட்டமன்றங்களில் வாதாடுவது எளிது. ஆயிரக்கணக்கான நகர மன்றங்களில் வாதாடுவது முடியாத காரியம். தொழில்துறையின் இந்தக் கணக்கு மறைவானது அல்ல.

பென்சில்வேனியாவில் 2017-ல் ஆளுநர் டாம் உல்ஃப் இப்படி ஒரு மசோதாவை மறுத்தார். தூய காற்றும் நீரும் மக்கள் உரிமை என்று சொல்லும் மாநிலச் சாசனப் பிரிவைக் காரணம் காட்டினார். இரண்டு ஆண்டு கழித்து அதே விஷயம் தற்காலிகத் தடையாக, நிதி மசோதா ஒன்றுக்குள் ஒளிந்து வந்தது. அம்முறை அவர் கையெழுத்திட்டார். நோவோலெக்ஸ் நிறுவனத்தின் பைத் தொழிற்சாலை, அன்றைய மாநில செனட் பெரும்பான்மைத் தலைவரின் தொகுதியில் இருந்தது. ஃபிலடெல்ஃபியா 2019 டிசம்பரில் நிறைவேற்றிய பை தடை, 2021 வரை காத்துக் கிடந்தது.

எதிர்த்தரப்பின் வாதத்தை இலேசாகத் தள்ளக் கூடாது. ஊருக்கு ஊர் விதி மாறினால், பல ஊர்களில் கடை வைத்திருப்பவர் என்ன செய்வார்? ஒரு தெருவில் பை இலவசம், அடுத்த தெருவில் 10 சென்ட், அதற்கடுத்த ஊரில் பையே கிடையாது என்றால், கொள்முதலும் கல்லாக் கணக்கும் ஒவ்வொரு கிளைக்கும் மாறும். இந்தச் சிரமம் உண்மை. பெரிய பரப்பில் ஒரே விதி இருப்பது பலன் தருவதற்கும் சான்று உண்டு. கடலோர, ஆற்றோரத் துப்புரவுகளில் பொறுக்கிய குப்பையின் பதிவுகளை வைத்து அன்னா பாப், கிம்பர்லி ஓரெமஸ் இருவரும் செய்த ஆய்வு 2025 ஜூனில் ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. பை விதிகள் உள்ள இடங்களில், விதி இல்லாத இடங்களோடு ஒப்பிட, மொத்தக் குப்பையில் பைகளின் பங்கு 25 முதல் 47 விழுக்காடு வரை குறைந்திருந்தது. ஊர் அளவிலான விதியைவிட மாநில அளவிலான விதிக்கு வலு கூடுதல் என்பதற்கான அறிகுறிகளும் அதில் இருந்தன.

ஆனால் ஒரே விதி என்பதும் விதியே இல்லை என்பதும் ஒன்றல்ல. லரேடோவுக்கும் பிஸ்பிக்கும் கிடைத்தது இரண்டாவது. செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்த்தால் அநியாயம் தெளிவாகும். அமெரிக்காவில் குப்பை அள்ளுவதும் வடிகால் தூர்வாருவதும் பெரும்பாலும் நகரத்தின் வேலை. மறுசுழற்சிக்கு வரும் கழிவைத் தரம்பிரிக்கும் ஆலையில், சுழலும் தட்டுகள் வரிசையாக நின்று அட்டையையும் புட்டியையும் பிரிக்கும். மெல்லிய பை அந்தத் தட்டுகளின் தண்டுகளில் சுற்றிக்கொள்ளும். ஆலையை நிறுத்தி, தொழிலாளர்கள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்தெடுக்க வேண்டும். ஆபத்தான வேலை அது. பையைத் தயாரித்தவருக்கும் அதைத் தடுக்காதே என்று சட்டம் எழுதியவருக்கும் இந்தச் செலவில் பங்கு இல்லை. அதிகாரத்தை மேலே எடுத்துக்கொண்ட மாநிலம், பொறுப்பை மட்டும் கீழேயே விட்டுவைத்திருக்கிறது.

கலிபோர்னியாவின் கதை இதில் தனியாகப் பார்க்க வேண்டியது. 2005-ல் சான் ஃபிரான்சிஸ்கோ ஒரு பைக்கு 17 சென்ட் கட்டணத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது. 2006-ல் மாநிலம், பெரிய கடைகள் பழைய பைகளைத் திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று சட்டம் போட்டது. கூடவே ஊர்கள் கட்டணம் விதிக்கக் கூடாது என்றது. கட்டணம் முடியாது என்றானதும் சான் ஃபிரான்சிஸ்கோ 2007-ல் நேரடித் தடைக்கே போய், அமெரிக்காவில் பையைத் தடுத்த முதல் பெருநகரமானது. மென்மையான வழியை அடைத்ததால் கடுமையான வழி திறந்தது. 2014-க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் விதி கொண்டுவந்துவிட்டன. அந்த ஆண்டு மாநிலமே தடை இயற்றியது. தொழில்துறை அதைப் பொதுவாக்கெடுப்புக்கு இழுத்தது. 2016 நவம்பரில் மக்கள் தடையை உறுதி செய்தார்கள்.

ஊர்கள் முயன்று பார்த்து, மாநிலம் பின்தொடர்ந்தது நல்ல வரிசைதான். ஆனால் 2014 சட்டம் புதிய உள்ளூர் விதிகளுக்குக் கதவை மூடியது. சுமார் 57 மைக்ரான் தடிமன் இருந்தால் ‘மறுபயன்பாட்டுப் பை’ என்று 10 சென்ட்டுக்கு விற்கலாம் என்றும் அனுமதித்தது. மக்களில் பலர் அந்தத் தடித்த பையையும் ஒருமுறை பயன்படுத்தி வீசினார்கள். 2014-ல் சுமார் 1,57,000 டன்னாக இருந்த பிளாஸ்டிக் பைக் கழிவு, 2021-ல் சுமார் 2,31,000 டன்னாக இருந்தது. பெருந்தொற்றுக் காலமும் இதற்கு ஒரு காரணம். மாநிலச் சட்டத்துக்கு முந்தைய உள்ளூர்த் தடைகளிலும் குறைகள் இருந்தன: பொருளியலாளர் ரெபெக்கா டெய்லர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், அத்தடைகளால் 4 கோடி பவுண்டு கடைப்பை குறைந்ததையும், கடைப்பையைக் குப்பைக்கூடைக்குப் பயன்படுத்திவந்த மக்கள் புதிதாகக் குப்பைப் பை வாங்கியதால் 1 கோடியே 20 லட்சம் பவுண்டு பிளாஸ்டிக் திரும்ப வந்ததையும் கணக்கிட்டார். குறைகள் தெரியவந்தால் திருத்த வேண்டும். தடித்த பையின் ஓட்டையை அடைக்க நினைத்த ஊருக்கு அந்த வாய்ப்பு இல்லை. மாநிலம் 2024-ல் திருத்தம் இயற்றியது. அது நடைமுறைக்கு வரும் நாள் 2026 ஜனவரி 1. ஒரு பிழை சுமார் ஒன்பது ஆண்டுகள் மாநிலம் முழுவதும் உறைந்து நின்றது. நல்லெண்ணத்தோடு கையைக் கட்டினாலும் கட்டியது கட்டியதுதான்.

மினியாபொலிஸ் தனக்கிருந்த இடுக்கைக் கண்டுபிடித்தது. மின்னசோட்டாச் சட்டம் தடையைத்தான் விலக்கியிருந்தது, கட்டணத்தைப் பற்றிப் பேசவில்லை. 2019-ல் நகரம் ஒரு பைக்கு 5 சென்ட் கட்டணம் கொண்டுவந்தது. நியூயார்க் மாநிலமோ, நகரத்தை நிறுத்திய இரண்டு ஆண்டுகளில் தானே பிளாஸ்டிக் பை தடையை நிறைவேற்றியது. காகிதப் பைக்கு 5 சென்ட் வைப்பதா வேண்டாமா என்பதைக் கவுண்டிகளுக்கும் நகரங்களுக்கும் விட்டது.

முழுமையாகத் திரும்பி வந்தது கொலராடோ. குறிப்பிட்ட பிளாஸ்டிக் பொருட்களை ஊர்கள் தடுக்கக் கூடாது என்று பல பத்தாண்டுகளாக அங்கே ஒரு பிரிவு இருந்தது. 2021-ல் நிறைவேறிய சட்டம் மூன்று படிகளில் எழுதப்பட்டது. 2023 ஜனவரியில் பெரிய கடைகளில் ஒரு பைக்கு 10 சென்ட் கட்டணம். 2024 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்கும் உணவகங்களின் தெர்மாகோல் பெட்டிகளுக்கும் தடை. 2024 ஜூலை 1 அன்று பழைய பிரிவே நீக்கம். மாநில விதி கீழ்வரம்பாக நிற்கும். அதைவிடக் கடுமையாக ஓர் ஊர் விரும்பினால் செய்துகொள்ளலாம். கட்டணத்தில் வரும் பணத்தில் 60 விழுக்காடு அந்தந்த ஊருக்கே போகிறது, குப்பை அள்ளுகிற ஊருக்கு.